டெனிசன் ஊற்றிய மூன்று டம்ளர்

டெனிசன் அண்ணன் விஸ்கியை வாயில் வைத்ததே இல்லை. ஆனால் ஒரகடம் தொழிற்பேட்டைக்கு எதிரே இருக்கும் எங்கள் ஓட்டல் பாரில் ஆறு வருடமாக அதை ஊற்றிக் கொடுப்பவர் அவர்தான். வரவேற்பு மேசையில் உட்காரும் நான் ஒரு தடவை கேட்டேன்.

"ருசியே தெரியாம எப்படிண்ணா?"

"மெடிக்கல் ஷாப்காரரு எல்லா மாத்திரையும் முழுங்கிப் பாத்துட்டா விக்கிறாரு?" என்றார்.

அவர் வடக்குப்பட்டுக்காரர். கார் பாகங்களுக்குப் பெயின்ட் அடிக்கும் கம்பெனியில் ஒப்பந்த வேலையில் இருந்தார். ஒப்பந்தம் முடிந்ததும் இங்கே ரூம் பாயாகச் சேர்ந்து, பிறகு பாருக்கு வந்தார். செல்போன் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கும் மனைவி ஜோவிதாவின் நிபந்தனை ஒன்றுதான்: ஊற்றலாம், குடிக்கக் கூடாது. அதை மீறியதில்லை என்று அவர் சொல்லியே தெரிய வேண்டியதில்லை. மாலையில் பார் திறக்குமுன் ஒவ்வொரு கண்ணாடி கிளாஸையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, துடைத்து, கடைசியில் மூக்கை உள்ளே விட்டு மோந்து பார்த்த பிறகுதான் அலமாரியில் வைப்பார். அந்த நிதானத்தைப் பார்ப்பதற்காகவே நான் சில நாள் அந்த வழியாகப் போவேன்.

போன வருடம் ஒரு கம்பெனி பார்ட்டியில் கிளாஸ் உடைந்து, பரிமாறும் பையன் ஒருவனின் பாதம் கிழிந்துவிட்டது. மேனேஜர் கோமதிநாயகம் சார் பயந்துபோனார். கண்ணாடியை எல்லாம் மூட்டை கட்டி ஸ்டோர் ரூமில் போட்டுவிட்டு, உடையாத பிளாஸ்டிக் டம்ளர்களை வாங்கினார். பார்ப்பதற்குக் கண்ணாடி மாதிரியே இருந்தன. தப்பென்று யாரும் சொல்ல முடியாது.

அடுத்த மாதமே புகார் வந்தது. கம்பெனிகளுக்கு பஸ் ஓட்டும் நாகப்பன், வாரக் கடைசி ஆனால் எங்கள் பாருக்கு வருபவர், ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை வைத்தார்.

"இன்னாப்பா இது? விஸ்கி கேட்டா கஷாயம் குடுக்கற?"

பக்கத்து மேசைக்காரரும் தலையாட்டினார். அதற்கடுத்த வாரமும் அதே பேச்சு. டெனிசன் மட்டமான சரக்கைக் கலக்கிறான் என்று யாரோ ஆரம்பித்தார்கள்.

கோமதிநாயகம் சார் திருநெல்வேலிக்காரர். டெனிசனைக் கூப்பிட்டு, "நான் உம்மை நம்புதேன் டெனிசன். ஆனா நம்பிட்டே சும்மா இருக்க முடியாதுல்லா. வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள என்னன்னு கண்டுபிடியும். இல்லன்னா முதலாளிகிட்ட சொல்லியாகணும்" என்றார்.

கலப்படக்காரன் என்ற பேரோடு வெளியே போனால் இந்த ரோட்டில் எந்த ஓட்டலும் அவரைச் சேர்க்காது. ஊரில் ஜோவிதாவும் தலைநிமிர முடியாது. குடிக்காத மனிதர் என்பதால், ருசியில் என்ன கோளாறு என்று சோதித்துப் பார்க்கவும் வழியில்லை. சோப்பை மாற்றினார். ஐஸுக்குத் தண்ணீர் கேனை மாற்றினார். ஒன்றும் நடக்கவில்லை.

வியாழக்கிழமை அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. கையில் கிடைத்த பிளாஸ்டிக் டம்ளரில் வெந்நீரை ஊற்றி வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நின்றார். பிறகு என்னிடம் சொன்னார்: "கோயில்ல பூசைக்கு நடுவுல உட்காந்த மாதிரி இருந்துச்சும்மா."

சாம்பிராணி. வெறும் டம்ளரை மோந்தபோது சிக்காத வாசனை வெந்நீரின் சூட்டில் மேலே வந்திருந்தது.

பாத்திரம் கழுவும் செங்கமலம் அக்கா வெள்ளிக்கிழமைதோறும் பார் திறக்குமுன் தூபக்காலை ஏந்திக்கொண்டு சமையலறை, ஹால், பார் என்று மூலை விடாமல் புகை போடுவார். இரண்டு வருடம் முன்பு சமையலறையில் தீப்பிடித்தும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து ஒரு வாரமும் தவறியதில்லை. அலமாரியில் கண்ணாடி கிளாஸ்கள் இருந்தவரை அந்தப் புகை கழுவினால் போயிற்று. பிளாஸ்டிக் அதை விடவில்லை.

டெனிசன் நேராக மேனேஜரிடம் போகவில்லை. பின்கட்டில் பாத்திரம் கழுவும் இடத்துக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"என் சாம்பிராணி மேல பழி போடறியா? சாமி புகை உனக்கு ஆவலன்னு நாளைக்கு நாலு பேரு பேசுவான், தெரியுமா?"

"தெரியும்க்கா. எங்க மாதா கோயில்லயும் அதே சாம்பிராணிதான். புகை மேல தப்பில்ல, டம்ளருதான் புடிச்சி வெச்சிக்கினு கீது."

"போய் சொல்லிக்கோ."

"உன் பேரை எடுக்க மாட்டேன். நீ டீ குடிக்கிற எவர்சில்வர் டம்ளரை மட்டும் நாளைக்குக் குடு."

வெள்ளிக்கிழமை மாலை நாகப்பன் வந்ததும் டெனிசன் சீல் பிரிக்காத பாட்டிலை அவர் கையிலேயே கொடுத்துத் திறக்கச் சொன்னார். மேசையில் பிளாஸ்டிக் டம்ளர், ஸ்டோர் ரூமிலிருந்து எடுத்துக் கழுவிய கண்ணாடி கிளாஸ், எவர்சில்வர் டம்ளர். மூன்றிலும் ஒரே அளவு. கோமதிநாயகம் சார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பிளாஸ்டிக்கை மோந்ததுமே நாகப்பன் முகம் சுளித்தார். "அதே கஷாயம்."

எவர்சில்வரில் ஒரு வாய். "சில்லுனு கீது. வாசனையே மேல வரல. மோர் குடிக்கிறா மாதிரி கீது."

கடைசியாகக் கண்ணாடி. "இது விஸ்கி" என்றார்.

"அப்ப பாட்டில்ல கோளாறு இல்ல" என்றார் மேனேஜர். "டம்ளருக்கு எங்கேருந்துவே இந்த வாசனை வந்துச்சு?"

டெனிசன் நாகப்பனைப் பார்க்கவில்லை, பின்கட்டுக் கதவையும் பார்க்கவில்லை. "பிளாஸ்டிக் சார். பக்கத்துல எது இருந்தாலும் இழுத்துக்கும். கண்ணாடி எதையும் வாங்காது."

"பக்கத்துல என்ன இருந்துச்சு?"

அவர் துணியை எடுத்து மேசையைத் துடைக்க ஆரம்பித்தார். இன்னும் ஒரு வார்த்தை சொன்னால் முழுசாகத் தப்பித்துவிடுவார். சொல்ல மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

கதவருகே ஈரக் கையோடு செங்கமலம் அக்கா நின்றிருந்தார். "என் சாம்பிராணி சார்" என்றார். "அவன் நேத்தே கண்டுபுடிச்சிட்டான். எனக்காக வாயை மூடிக்கினு நிக்கறான்."

நாகப்பன்தான் முதலில் சிரித்தார். "அதான் பாத்தேன். ரெண்டு ரவுண்டு போட்டாலே எனக்குப் பக்தி வந்துச்சே!"

கோமதிநாயகம் சாரும் சிரித்துவிட்டார். அக்காவின் சாம்பிராணியை அவர் நிறுத்தவில்லை. விஸ்கிக்கு மட்டும் கண்ணாடி திரும்பி வந்தது. யார் காலும் கிழியக் கூடாது என்பதற்காக, அந்தக் கிளாஸ்களை எடுப்பதும் கழுவுவதும் இனி டெனிசன் மட்டும்தான் என்று ஏற்பாடு. வேலை இரட்டிப்பு. அவர் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

இப்போதும் வெள்ளிக்கிழமை மாலையில் பின்கட்டிலிருந்து குரல் வரும். "டெனிசா, மூடிட்டியா?"

"ரெண்டு நிமிஷம்க்கா."

மிச்சமிருக்கும் பிளாஸ்டிக் டம்ளர்களில் புகை ஏறாமல் அலமாரி மேல் வெள்ளைத் துணியை இழுத்துவிட்டு, அவரே கதவைத் திறந்து பிடிப்பார். அக்கா புகையோடு உள்ளே வருவார்.