சித்தப்பா எடுத்துக் காட்டிய ஆணி

சித்தப்பாவின் மோட்டார் சைக்கிள் எங்கள் வீட்டில் ஓர் ஆள். அதற்குக் குளியல் உண்டு, துடைக்கத் தனித் துண்டு உண்டு, மழை வந்தால் போர்த்தத் தார்ப்பாய் உண்டு. மயிலாப்பூர்க் குழாய்கள் காற்றை மட்டும் துப்பிய கோடையிலும் லாரித் தண்ணீரில் ஒரு குடம் அதற்குப் போய்விடும். அம்மா முணுமுணுப்பாள். சித்தப்பாவின் காதில் விழாது. பின்சக்கரத்தின் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டு ஒரு சுற்று சுற்றிவிடுவார். கம்பிகள் கரைந்து வெறும் வெயிலாகிவிடும். அதைப் பார்ப்பதற்காகவே நான் பக்கத்தில் குந்தியிருப்பேன். எனக்கு ஏழு வயது. சித்தப்பாவுக்குத் தெரியாதது உலகத்தில் ஒன்றும் இல்லை என்று நம்புகிற வயது.

அந்தச் சக்கரம் லேசாகக் கோணி ஓடுகிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மெக்கானிக்கிடம் விடுவாரா சித்தப்பா? ஸ்போக் சாவி ஒன்றை வாங்கிவந்து கம்பிகளைத் தானே முறுக்கினார். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினார். சக்கரம் நேரானது. அதன் பிறகுதான் காற்று இறங்கத் தொடங்கியது. காலையில் வந்து பார்த்தால் டயர் சோர்ந்து கிடக்கும். பம்பால் காற்றடித்துக்கொண்டு ஆபீஸ் போவார். மறுநாளும் அதே கதி.

“எவனோ வேணும்னே பண்றான்” என்றார். எவனோ என்பது யார் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் வீட்டின் பின்போர்ஷனில் சேகரும் அவன் அம்மாவும் வாடகைக்கு இருந்தார்கள். அவள் ஒரு நர்சிங் ஹோமில் ஆயா. சேகர் என்னைவிட நாலைந்து வயது பெரியவன். ஒருநாள் ஸ்டாண்டில் நின்ற அந்த வண்டிமேல் ஏறி உட்கார்ந்து, வாயாலேயே கியர் மாற்றி, அடையாறு வரை போய்த் திரும்பிவிட்டான். பின்னால் நான் உட்கார்ந்திருந்தேன். சித்தப்பா வந்து அவன் காதைத் திருகி இறக்கினார், கன்னத்தில் ஒன்று வைத்தார். என்னைத் தூக்கிக் கீழே விட்டார். அவனுக்குக் கோபம் இருக்கும்தானே என்பதுதான் சித்தப்பாவின் கணக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டயர் தரையோடு தரையாகப் படுத்துவிட்டது.

“அண்ணே, இன்னைக்கு எல்லார் முன்னாடியும் பிரிச்சுக் காட்டறேன். குத்தின ஆணி உள்ளதான் இருக்கும்.”

“காட்டு. இருந்தா இன்னைக்கே காலி பண்ணச் சொல்லிடறேன்” என்றார் அப்பா, பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

செயின் கழன்றது, அச்சு உருவி வந்தது, சக்கரம் சித்தப்பாவின் மடியில் விழுந்தது. இரும்புப் பட்டையால் டயரை நெம்பி, உள்ளிருந்து டியூபை உருவினார். காற்றடித்துத் தண்ணீரில் அமுக்கினார். நான்தான் முதலில் பார்த்தேன்.

“சித்தப்பா, இங்க! குமிழி வருது!”

தரையைத் தொடுகிற பக்கத்தில் அல்ல, சக்கரத்தின் கம்பிகளைப் பார்த்த உள்பக்கத்தில் இருந்தது ஓட்டை. சித்தப்பா ரிம்முக்குள் விரலை ஓட்டினார். ஓரிடத்தில் விரல் துள்ளியது. நுனியில் ஒரு பொட்டு ரத்தம். முறுக்கிய முறுக்கில் ஒரு கம்பியின் முனை ரிம்மைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. விரலை வாயில் வைத்துச் சூப்பியபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அரத்தை எடுத்து அந்த முனையைத் தேய்த்தார். சத்தம் வராமல் மெதுவாகத் தேய்த்தார்.

“கம்பிதான் குத்திச்சா சித்தப்பா?”

“நீ போய் எல்லாரையும் கூட்டிட்டு வா.”

நான் ஓடினேன், பாதியில் திரும்பிப் பார்த்தேன். டூல்ஸ் டப்பாவைக் கிளறி ஓர் ஆணியை எடுத்து விரல் இடுக்கில் செருகிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காதுக்குப் பின்னாலிருந்து காசு எடுத்துக் காட்டுகிற சித்தப்பா அல்லவா.

எல்லோரும் வந்ததும் டயருக்குள் கைவிட்டார், துழாவினார், எடுத்தார். உள்ளங்கையில் ஆணி. ஆணி நுழைந்த துளை டயரில் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் கைதட்டினேன்.

“குழந்தைக்கே தெரியுது பாரு” என்றார் அப்பா.

நைட் டூட்டி முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த சேகரின் அம்மா, முடியை அள்ளிச் செருகிக்கொண்டே வந்தாள். “என் புள்ள அப்டியாபட்டவன் இல்ல சார்” என்று ஆரம்பித்தவள், ஆணியைப் பார்த்ததும் நிறுத்தினாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். துவைக்கும் கல்லின்மேல் கிடந்த துடைப்பத்தைத் திருப்பிப் பிடித்தாள்.

“இன்னாடா பண்ணி வச்சிக்கிற? சொல்றா!”

“நான் இல்லமா. உன் மேல சத்தியமா நான் இல்லமா.”

“ஆணி கண்ணெதிர்ல கீது, எம்மேலயே பொய்ச் சத்தியமா?”

கட்டைப் பக்கத்தால் அடித்தாள். ஒவ்வோர் அடிக்கும் நடுவில் அப்பாவைப் பார்த்தாள், போதும் என்று அவர் சொல்லிவிடுவார் என்பதுபோல. அப்பா சொல்லவில்லை. அம்மாதான் ஓடிப்போய்த் துடைப்பத்தைப் பிடுங்கினாள். சித்தப்பா எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து டியூபை உப்புத்தாளால் தேய்த்து, பசை தடவி, ஒட்டுப் போட்டார். அவ்வளவு நேர்த்தியான ஒட்டை நான் பிறகு எந்தக் கடையிலும் பார்த்ததில்லை.

“வேற வீடு பாத்துக்கங்கம்மா” என்றார் அப்பா.

அதன் பிறகு அந்தச் சக்கரத்தில் காற்று இறங்கவே இல்லை. “பாத்தியா, அவங்க போனாங்க, பஞ்சரும் போச்சு” என்று எங்கள் வீட்டில் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சாட்சிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அப்படிச் சொல்லும்போதெல்லாம் சித்தப்பா எழுந்து போய்விடுவார். நியாயம் எங்கள் குடும்பத்தில் எப்போதும் இப்படித்தான், டயர் நிறையக் காற்றோடு ஓடிக்கொண்டிருந்தது.

அவர்கள் காலி செய்த அன்று சாமான் ஏற்ற வாசலில் ஒரு மீன்பாடி வண்டி நின்றது. வேளச்சேரிக்குப் போகிறார்களாம். அப்போது வேளச்சேரி என்றால் ஏரியும் புதரும்தான். சேகரின் அம்மா துணி மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள். வீட்டைக் காலி செய்யச் சொன்னபோதுகூட அழாதவள். அன்றும் அழவில்லை, சிரிக்கவும் இல்லை. அவளைச் சிரிக்க வைக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

“அத்தை, ஒண்ணு சொல்லட்டா? அந்த ஆணி டயர்ல இல்லவே இல்ல. சித்தப்பா டப்பாவுலேர்ந்து எடுத்தாரு. மேஜிக்!”

அவள் கை முடிச்சில் நின்றது. “இன்னா கண்ணு சொன்ன?”

நான் நடித்தே காட்டினேன். விரல் இடுக்கில் ஒரு குச்சியைச் செருகி, காற்றில் துழாவி, எடுத்து நீட்டினேன். “வண்டிக் கம்பிதான் உள்ள குத்திடுச்சு. சித்தப்பா விரல்லகூட ரத்தம் வந்துச்சு. நான் பாத்தேனே!”

அவள் அந்த மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். தள்ளி நின்று மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்த சித்தப்பாவின் பக்கம் திரும்பவில்லை, அப்பாவைக் கூப்பிடவில்லை.

“சேகரு” என்றாள். “இங்க வாடா, நைனா.”

அவன் வந்தான். கைக்கு எட்டாத தூரத்தில் நின்றுகொண்டான். அவள் கையை நீட்டினாள். அவன் சட்டென்று முழங்கையால் முகத்தை மறைத்துக்கொண்டான். நீட்டிய கையை மடக்கவும் தெரியாமல் அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. ஒருவரும் சிரிக்கவில்லை. வித்தையை நான் சரியாகச் செய்யவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, கீழே விழுந்த குச்சியைப் பொறுக்கிக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து செய்துகாட்ட ஆரம்பித்தேன்.