துணி மூடிய குவளை

ராஜாங்கம் என்ற பெயரை நான் முதலில் கேட்டது, என் கடைசிச் சித்தி மகள் அஞ்சலாட்சியைப் பெண் கேட்டு வந்த அன்று. "பையனுக்கு மில்லுல வேலை, குடி கெடையாது" என்றார் தரகர். இருமலைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அப்போது அது இல்லை.

மில்லில் நூலுக்குக் கஞ்சி போடும் இடத்தில் அவருக்கு வேலை. பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி, எண்பதாம் வருஷத்துக்கு மேல் நாலு படி ஏறவே நின்று நின்று ஏறினார். "தூசி இல்லாத எடமாப் பாருப்பா. இல்லன்னா தாங்க மாட்ட" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அலைந்து அலைந்து, ஒரு காலேஜ் கெமிஸ்ட்ரி லேபில் கண்ணாடிப் பாத்திரம் கழுவும் வேலை கிடைத்தது. தீபாவளிக்குள் நிரந்தரமாக்குவதாகப் புரொபசர் சொல்லியிருந்தார். மூச்சு சீரானது. அஞ்சலாட்சி முகத்தில் சதை பிடித்தது.

அங்கே தையல்நாயகி என்ற பெண் ஆராய்ச்சிக்காகப் பீங்கான் பொடி செய்துகொண்டிருந்தாள். "சூளை மாதிரி அனல் வேணாமாம் அக்கா. மருந்துத் தண்ணிய கூழாக்கி, மாசக்கணக்குல காயவச்சு, அப்புறம் கொஞ்சூண்டு சூடு காட்டுனாப் போதுமாம். கண்ணுக்கே தெரியாத மணியா வருமாம்" என்று ராஜாங்கம் மாப்பிள்ளை என்னிடம் பெருமையாகச் சொல்வார்.

"கண்ணுக்குத் தெரியாததுக்கு இத்தினி பேரு காவலு" என்று அஞ்சலாட்சி கேலி செய்வாள்.

ஆயுத பூஜை வந்தது. தையல்நாயகி ஊருக்குப் போயிருந்தாள். மில்லில் அந்த நாளுக்கு ஒரு முறை உண்டு. தொட்டியில் பழைய கஞ்சி துளி ஒட்டியிருந்தாலும் சந்தனம் வைக்க மாட்டார்கள். மாப்பிள்ளை அதே பழக்கத்தில் லேபில் இருந்த துணிகளையெல்லாம் முதலில் துவைத்துப் போட்டார். ஒரு குவளையை மூடியிருந்த மெல்லிய துணியும் அதோடு போனது. பாத்திரங்களுக்கு வந்தபோது, அந்தக் குவளையின் அடியில் வெடித்துக் காய்ந்து கிடந்தது அவர் கண்ணுக்குக் கஞ்சியாகத்தான் தெரிந்தது. வெந்நீர் ஊற்றித் தேய்த்துக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்தார்.

லீவு முடிந்து வந்தவள், "அண்ணே, துணி கட்டி வச்சிருந்தேனே, அது எங்க?" என்றாள்.

"கழுவிட்டேம்மா. கஞ்சி காஞ்சு கெடந்துச்சு."

"வெளையாடாதீங்கண்ணே" என்று சிரித்தவள், குங்குமம் வைத்த குவளையைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஆடியில் வைத்த கூழ் அது.

குவளையின் குங்குமத்தைத் துடைத்துக்கொண்டே, "நான் கை தவறிக் கொட்டிட்டேன்னு சொல்லிக்கறேன். நீங்க வாயத் தொறக்காதீங்க" என்றாள்.

புரொபசர் அவளைப் பிடித்துக்கொண்டார். "பொறுப்பில்லாதவளுக்கு ஆராய்ச்சி என்னாத்துக்கு? போய்க் கல்யாணம் பண்ணிக்க!"

வாசலில் நின்ற மாப்பிள்ளைக்குத் தாங்கவில்லை. "அந்தப் பொண்ண ஏன் சார் திட்டறீங்க? கழுவுனது நானு."

தீபாவளிக்கு முன்பே வேலை போய்விட்டது.

"பேசாம இருந்திருக்கலாமில்ல?" என்று அஞ்சலாட்சி கேட்டாள்.

"நமக்கும் பொண்ணு இருக்குதுல்ல" என்றார்.

தையல்நாயகி மறுபடியும் கூழ் வைத்து, பட்டமும் வாங்கிவிட்டாள் என்று கேள்வி. வேறு வேலை தேடிப் போன இடத்தில் மூட்டை தூக்க மாப்பிள்ளைக்கு மூச்சு இல்லை. ராஜாங்கம் இப்போது பெரிய மார்க்கெட்டில் ஓர் அரிசிக் கடை ஓரமாக உட்கார்ந்து, சணல் தூசியில் இருமிக்கொண்டு, கிழிந்த சாக்குத் தைக்கிறார்.