காலில் ஊசி, தோளில் வலி

எழுபதுகளின் கடைசியில் கல்லடியில் ஒரு பெண்கள் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அந்த வருடம் மாரி தொடங்கும்போது என் வலது தோள் இறுகிப்போனது. கையைத் தோள் மட்டத்துக்கு மேல் தூக்க முடியவில்லை. கரும்பலகையின் கீழ்ப் பாதியில் மட்டும் எழுதினேன்; பின் வாங்கில் இருந்த பிள்ளைகள் எழும்பி நின்று வாசித்தார்கள். தலை பின்னக்கூட என் கணவரைக் கூப்பிட வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் குளிசை தந்து, தானாக மாறும், ஒரு வருடம் இரண்டு வருடம் போகலாம் என்றார்கள். அவ்வளவு காலம் வேலையில் இருக்க முடியுமா என்ற பயம் பிடித்துக்கொண்டது.

பட்டணத்தில் ஒரு டொக்டர் பின்னேரங்களில் சீன ஊசி வைத்தியம் செய்வதாகக் கேள்விப்பட்டேன். ஆங்கில மருத்துவம் படித்து, பிறகு கொழும்பில் இதையும் பழகியவர். கணவருக்கு விருப்பமில்லை.

"நோகிறது தோள், குத்திறது காலிலயாம். விஞ்ஞானம் படிப்பிக்கிற நீ இதுக்குப் போறியா?"

விஞ்ஞானம் படிப்பிப்பதால்தான் எனக்குப் போய்ப் பார்க்க ஆசையாக இருந்தது.

டொக்டர் முதலில் என்னைச் சுவரோடு நிற்க வைத்து, விரல் எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டார். பிறகு முழங்காலுக்குக் கீழே மயிர் போன்ற ஊசி ஒன்றை இறக்கினார். நோகவில்லை, கனமான ஒரு விறைப்பு கணுக்கால்வரை ஓடியது. "இப்ப கையத் தூக்கிப் பாருங்க டீச்சர்" என்றார். விரல் கோட்டைத் தாண்டி ஒரு சாண் ஏறியது.

"இது எப்பிடி டொக்டர்?"

"உடம்புக்குள்ள உயிர்விசை ஓடுற வாய்க்கால் இரிக்கி, அது அடைபட்டா நோகும் எண்டு சீனர் சொல்றாங்க. நான் உடம்பை வெட்டிப் படிச்சவன், அப்பிடி ஒரு வாய்க்காலைக் காணல்ல. நரம்பைத்தான் கண்டன். கால் கல்லில அடிபட்டா என்ன செய்வீங்க?"

"தடவுவன்."

"தடவினா நோ குறையுது. அந்த உணர்ச்சி முள்ளந்தண்டுக்குப் போய், நோ போற கதவைக் கொஞ்சம் சாத்துது எண்டு இப்ப சொல்றாங்க. ஊசியும் அப்பிடி ஏதும் செய்யிது போல."

"அப்ப எங்க குத்தினாலும் கதவு சாத்தும்தானே? ஏன் குறிப்பா இந்த இடம்?"

"இதை நானும் யோசிக்கிறதுதான்" என்றார்.

சோதித்துப் பார்ப்போம் என்றேன். தோள் வலிக்குக் காலில் வேறு இடங்களும் புத்தகத்தில் உண்டாம். எது எது என்று எனக்குத் தெரியாது. அடுத்த முறை அப்படி ஓர் இடத்திலும், அதற்கடுத்த முறை புத்தகத்தில் இல்லாத, ஆபத்தில்லாத ஓர் இடத்திலும் குத்தலாம். அல்லது மாறியும் குத்தலாம். எது முதல் என்று எனக்குச் சொல்லக் கூடாது.

"சரி. மறுகா என்ன வந்தாலும் ரெண்டு பேரும் ஒத்துக்கொள்ளணும்" என்றார்.

சோதனையின் முதல் தடவை கை கொஞ்சம்தான் ஏறியது. அடுத்த கிழமை ஊசி இறங்கியதும் அதே விறைப்பு ஓட, கை காதைத் தாண்டி என் உச்சந்தலையைத் தொட்டது. மாதக்கணக்கில் தொடாத இடம்.

"இதுதான் சரியான இடம். எனக்கு நல்லாத் தெரியுது" என்றேன்.

டொக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இண்டைக்குத்தான் டீச்சர், புத்தகத்தில இல்லாத இடத்தில குத்தினன்."

ஏமாந்தது போல இருந்தது. ஆனால் கை உண்மையாகவே ஏறியிருந்ததே.

"அப்ப எல்லாம் மனந்தானா?"

"தெரியா. மனமா இருக்கலாம். எங்க குத்தினாலும் நரம்பு ஒரே வேலையச் செய்யலாம். இல்லாட்டி உங்கட தோள் தானா மாறத் தொடங்கியிருக்கலாம். ஒராளில ரெண்டு தரம் பார்த்துச் சொல்லேலா. இன்னும் எத்தனையோ பேரில பார்க்கணும்."

ஊசியை அவர் விட்டுக்கொடுக்கவுமில்லை, அதற்காக வாதாடவுமில்லை. புதுக் கணக்கொன்று கிடைத்த மாணவனைப் போல அவர் முகம் மலர்ந்திருந்தது.

தொடர்ந்து போனேன். சித்திரை வருவதற்குள் கை முழுதாகச் சுகமாகிவிட்டது. சீன ஊசிதான் மாற்றியது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர் என் கணவர். அதை உறுதியாகச் சொல்ல முடியாது என்று நான்தான் ஒவ்வொருவருக்கும் விளக்க வேண்டியிருந்தது.

என் தோள் எதனால் மாறியது என்று இன்றும் எனக்குத் தெரியாது; ஆனால் தன் வைத்தியமே பிழையாக இருக்கலாம் என்று தெரிந்த நேரத்தில் அந்த மனிதர் முகத்தில் கண்ட சந்தோஷத்துக்குப் பிறகு, பிள்ளைகள் முன்னால் 'தெரியாது' என்று சொல்ல நான் ஒருநாளும் கூச்சப்பட்டதில்லை.