கையில் கொடுத்த உப்பு

துணிப்பை ஒன்றில் கால் கிலோ உப்பை அள்ளிப் போட்டு, இரண்டு கைகளாலும் ஏந்தி, தலை குனிந்து, உப்பு வாங்க வந்திருந்த ஜப்பானியரிடம் கொடுத்தேன். எங்கள் ஜப்பானிய வகுப்பில் எதைக் கொடுத்தாலும் அப்படித்தான் கொடுக்கப் பழக்கியிருந்தார்கள். நிமிர்ந்து பார்த்தால் பெரியப்பாவின் முகம் கறுத்துப்போயிருந்தது. உப்பைக் கையில் கொடுத்தால் சண்டை வரும், கீழே வைத்துத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மரக்காணத்தில் அவருடைய உப்பளத்தில் நாள் முழுக்க உப்பை வாரிக் கூடையில் கொட்டி ஒருத்தி தலையில் இன்னொருத்தி ஏற்றிவிடுகிற பெண்களிடம் இந்தச் சாஸ்திரத்தை அவர் ஒருநாளும் பேசியதில்லை. எனக்கென்று எடுத்து வைத்திருந்தார் போலிருக்கிறது.

அப்போது நான் சென்னையில் ஒரு கல்லூரியில் சர்வதேச வணிகமும் ஜப்பானிய மொழியும் சேர்ந்த பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டு. வினைச்சொல் தமிழைப் போலவே வாக்கியத்தின் கடைசியில் வந்து உட்காருகிற அந்த மொழி எனக்குச் சட்டென்று பிடிபட்டது. வகுப்பில் ஒருவருக்கு மட்டும் ஆறு மாதம் ஜப்பானில் படிக்க இடம். செலவெல்லாம் கல்லூரியே ஏற்கும். அந்த இடம் எனக்குக் கிடைத்தது. அப்பா இல்லாததால் கல்லூரியில் பாதுகாவலர் என்று பெரியப்பாவின் பெயரைத்தான் கொடுத்திருந்தோம்; சம்மதப் படிவத்தில் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். "கையெழுத்துதானே, போட்டுட்டா போச்சு. ஆரோவில்ல ரெண்டு ஜப்பான்காரங்க உப்பு கேக்குறாங்களாம். அவங்ககிட்ட பேசி முடிச்சுக் குடு மொதல்ல" என்றார்.

வந்தவர்கள் நான் கொடுத்த உப்பை நாக்கில் வைத்துப் பார்த்தார்கள், பாத்திகளைச் சுற்றி வந்தார்கள். பிறகு அவர்களில் பெரியவர் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு, "முசுகாஷீ" என்றார். கஷ்டம் என்று பொருள். அவர்கள் வாயில் கஷ்டம் என்றால் முடியாது. அதற்குமேல் வற்புறுத்துவது மரியாதை இல்லை. வணிகப் பாடத்தில் இதற்கென்றே ஒரு வகுப்பு நடத்தியிருந்தார்கள். அப்படியே பெரியப்பாவிடம் சொன்னேன்.

"ஏம்மா, கஷ்டம்னுதானே சொல்றாரு? முடியாதுன்னு சொல்லலியே. இன்னும் கொஞ்சம் அழுத்திக் கேளு."

எங்கள் ஊரில் கஷ்டம் என்ற சொல்லுக்குப் பிறகுதான் பேரமே ஆரம்பிக்கும். எனக்கும் அந்தக் கையெழுத்து வேண்டியிருந்தது. கேட்டேன். மூன்று முறை கேட்டேன். ஒவ்வொரு முறையும் அந்தப் பெரியவர் இன்னும் ஆழமாகக் குனிந்தார். நான் கொடுத்த பையை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். அன்று பட்ட வெட்கம் இப்போதும் எனக்குத் தீரவில்லை.

"உப்ப கையில குடுத்துக் கெடுத்துட்டா. அர்த்தமும் தப்பா சொல்லுது. இதுக்கு ஜப்பான் வேற கேக்குதா?" என்று வேலையாட்கள் முன்னாலேயே சொன்னார் பெரியப்பா. படிவத்தை அம்மா இரண்டு முறை எடுத்துக்கொண்டு போய் நின்றாள். அவர் பேனாவைத் தொடவில்லை. இடம் அடுத்த பெண்ணுக்குப் போயிற்று. அவள் அங்கேயே மேற்படிப்பும் படித்து வேலைக்கும் சேர்ந்துவிட்டாள். நான் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் மொழிபெயர்க்கிறேன். ஜப்பானை இன்னும் பார்த்ததில்லை. வயதானவர், போகட்டும் என்கிறார்கள். எனக்குப் போகவில்லை.

போன தையில் அவர் பேத்தியின் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டாரிடம் என்னை இழுத்துக்கொண்டு போய், "நான் படிக்க வெச்ச பொண்ணு, ஜப்பான் பாஷை தண்ணிபட்ட பாடு" என்றார். "ஏதாவது பேசிக் காட்டும்மா."

கைகளைத் தொடையோடு ஒட்டி வைத்து, முறைப்படி குனிந்து, மெதுவாக ஒரு வாக்கியம் சொன்னேன். எல்லாரும் கைதட்டினார்கள். பெரியப்பாதான் பலமாகத் தட்டினார். "அர்த்தம் சொல்லும்மா, இவங்களுக்குப் புரியட்டும்" என்றார்.

"உங்கள நான் மன்னிக்க மாட்டேன்னு சொன்னேங்க, பெரியப்பா."

அர்த்தம் தப்பு என்று இந்த முறை அவர் சொல்லவில்லை.