ராகு காலம் முடியும்வரை சைக்கிள் வீட்டுக்குள் இருக்கட்டும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஹட்டன் ஸ்டேஷனில் ஒரு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் மகளுடையது. ரோஸ் கலர். முன்னால் கூடை வேறு. தெரிந்தவர்கள் பார்த்துவிடக் கூடாதே என்று கூலிங் கிளாஸ் போட்டிருந்தேன்... அந்த வழியாகப் போன அத்தனை பேரும் "என்ன டீச்சர், சைக்கிளா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார்கள்.

எங்கள் மலைநாட்டில் சைக்கிள் என்பது ஒன்றுக்கும் உதவாத சாமான். ஏற்றத்தில் நாம் அதைத் தள்ள வேண்டும். இறக்கத்தில் அது நம்மைத் தள்ளும். பிறகு எதற்கு இந்த வேண்டாத வேலை? எல்லாம் எங்கள் பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியர் மோகன் சேர் கொடுத்த ஐடியா. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலை வரை ஒரு காலத்தில் சின்ன ரயில் ஓடியது. தண்டவாளத்தை எப்போதோ பிடுங்கிவிட்டார்கள், பாதை மட்டும் மிச்சம். அதில் சைக்கிள் விட வேண்டுமாம்.

"ரயில் போன பாதை டீச்சர். ரயிலு ஏத்தம் ஏறுமா? சும்மா ஒக்காந்திருந்தா போதும், சைக்கிள் தானா போகும்" என்றார். நம்பினேன். விளையாட்டு ஆசிரியர் விளையாட மாட்டார் என்று நினைத்தது என் தப்பு.

மொத்தம் நாலு பேர். மோகன் சேர், மருந்துக் கடை வைத்திருக்கும் அந்தோனி, எங்கள் கணித ஆசிரியர் ஜீவா, நான். நாலு பேருக்கும் மோகன் சேர் கண்ணைக் கூசும் பச்சையில் டீ-ஷர்ட் அடித்துக் கொண்டுவந்திருந்தார். சைக்கிள்களைக் கார்ட் பெட்டியில் ஏற்றும்போது, ரேஸுக்கா போகிறீர்கள் என்று கார்ட் சிங்களத்தில் மரியாதையாகக் கேட்டார். என் சைக்கிளைப் பார்த்ததும் கேள்வியை வாபஸ் வாங்கிக்கொண்டார்.

வட்டகொடை தாண்டும்போதுதான் ஜீவா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார்.

ஜீவாவுக்கு வயது முப்பத்தைந்தை நெருங்குகிறது. வகுப்பில் வாய் திறந்தால் பக்கத்து வகுப்புப் பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கணக்கு விளங்கும். ஆனால் பெண் பார்க்கப் போன வீட்டில் மட்டும் வாய் பூட்டிக்கொள்ளும். பெண் டீ கொண்டுவந்து கொடுப்பாள், இவர் குடிப்பார், கப்பைப் பார்ப்பார், எழுந்து வந்துவிடுவார். இப்படிச் சில இடங்களில் ஜாதகம் பொருந்தியும் ஜீவா பொருந்தவில்லை. ஒரு வீட்டில், மாப்பிள்ளைக்குப் பேச்சு வருமா என்று தரகரைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள்.

அடுத்த ஞாயிறு கந்தப்பளையில் ஒரு பெண்ணைப் பார்க்கப் போவதாக ஏற்பாடு. இதுவும் சரிவராவிட்டால் இனிக் கல்யாணப் பேச்சே வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாராம்.

"போட்டோ பாத்தேங்க்கா. ரொம்பப் புடிச்சிருக்கு. அதான் பயமா இருக்கு" என்றார். பழைய ரயில் பாதை அவர்கள் குடியிருக்கும் தோட்டத்து லயத்துக்கு மேலேதான் போகிறது. தூரத்தில் நின்று ஒரு தடவை பார்த்துவிட்டால் அடுத்த வாரம் கொஞ்சம் தைரியம் வரும் என்பது அவர் கணக்கு. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பாவமாக இருந்தது.

நானுஓயாவில் இறங்கிய பிறகு நடந்ததை விவரமாக எழுதினால் என் மானம் போகும். அந்தச் சின்ன ரயில் ஏற்றம் ஏறியிருக்கிறது ஐயா! அதுவும் விடாமல் ஏறியிருக்கிறது. பாதை சில இடத்தில் தார் ரோட்டோடு கலந்துவிட்டது. சில இடத்தில் தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. ஓரிடத்தில் யாரோ லீக்ஸ் பாத்தி போட்டிருந்தார்கள். நுவரெலியா வருவதற்குள் நான் சைக்கிள் ஓட்டியது கொஞ்சம், அதோடு நடந்து போனது மிச்சம்.

கந்தப்பளையைத் தாண்டினோம். வழியெல்லாம் டீ குடித்துக் குடித்து மாலையாகிவிட்டது. ஜீவா முன்னால் போய்க்கொண்டிருந்தார். கீழே லயம் தெரிந்ததும் பாதையை விட்டுவிட்டு லயத்தையே பார்த்தார். லயத்துக்கு வெளியே தண்ணீர் கொட்டும் பீலிப் பக்கத்தில், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒரு பெண் லீக்ஸ் கழுவிக்கொண்டிருந்தாள். ஜீவா இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்த்தார்.

அவ்வளவுதான். ஆளும் சைக்கிளுமாகக் கானுக்குள் போனார்கள். சாதாரணக் கான் இல்லை... தோட்டத்துத் தண்ணீர் எல்லாம் வந்து சேரும் பெரிய கான்.

லயமே ஓடிவந்தது. முதலில் கை கொடுத்துத் தூக்கிவிட்டவர் ஒரு பெரியவர். தூக்கி நிறுத்திவிட்டு, அடிபட்டதா என்று கேட்பதற்கு முன் எங்கள் பக்கத்தில் எல்லோரும் கேட்கும் கேள்வியைத்தான் அவரும் கேட்டார். எந்தத் தோட்டம், யாரு மகன்?

நாங்கள் கொழும்பிலிருந்து வருகிறோம் என்று, விஷயம் தெரிந்த மோகன் சேர் அவசரமாகக் குறுக்கிட்டார். ஆனால் பிறந்ததிலிருந்து பதில் சொல்லிப் பழகிய கேள்வி அல்லவா? ஜீவாவின் வாய் தானாகவே தோட்டம், டிவிஷன், அப்பா பெயர் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டது. பெண் வீடு என்றால் திறக்காத வாய், பெண்ணின் அப்பாவிடம் திறந்தது. ஆமாம், அந்தப் பெரியவர்தான் பெண்ணின் அப்பா!

துண்டு கட்டியிருந்த பெண்தான் பவித்ரா. அவள் வீட்டுக்குள் ஓடிவிட்டாள். எங்களையும் வீட்டுக்குள் அழைத்துப்போய் உட்கார வைத்தார்கள். வந்தவர்களில் நான் ஒருத்திதான் பெண் என்பதால், யாரும் என்னைக் கேட்காமலே நான் மாப்பிள்ளையின் அக்காவாகப் பதவி உயர்வு பெற்றேன். ஜீவா ஒரு சாக்கின்மேல் உட்கார்ந்திருந்தார். முழங்கால் வரை சேறு, அதற்கு மேலே பச்சை டீ-ஷர்ட், காதோரம் ஒரு தேயிலைக் கொழுந்து. பவித்ரா டீ கொண்டுவந்தாள். ஜீவா கப்பைப் பார்க்க ஆரம்பித்தார்.

எனக்கு அழுகையே வந்தது. இதுவும் போச்சு.

மோகன் சேர் வாட்ச்சைப் பார்த்தார். இப்போது கிளம்பினால்தான் நானுஓயாவில் ட்ரெயின் பிடிக்கலாம். எழுந்தோம். பவித்ராவின் சித்தி வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"நாலரை ஆயிருச்சு. ராகு காலம் பொறந்துருச்சு. நல்ல காரியத்துக்கு வந்தவங்க இப்ப படி எறங்கக் கூடாது."

ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் நாலரையிலிருந்து ஆறு. இருந்தால் ட்ரெயின் போய்விடும். போனால் சம்பந்தம் போய்விடும். அந்தோனிக்கு இதெல்லாம் பழக்கமில்லை. நாங்கள் நல்ல காரியத்துக்கு வரவில்லை, சைக்கிள் ஓட்டத்தான் வந்தோம் என்று உண்மையைச் சொல்ல ஆரம்பித்தார். அவர் காலை மிதித்தேன்.

எல்லோரும் ஜீவாவைப் பார்த்தோம். அவர் முதல் தடவையாகக் கப்பைக் கீழே வைத்தார்.

"ட்ரெயின் போகட்டுங்க்கா" என்றார்.

ஆனால் ஆறு மணிவரை என்ன செய்வது? ஜீவாவின் சைக்கிளில் செயின் கழன்று தொங்கியது. அதையாவது மாட்டலாம் என்றால் சைக்கிள் வெளியே, ஜீவா உள்ளே. சித்தி யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். ஆள் வெளியே போகக் கூடாது, சைக்கிள் உள்ளே வரலாம். அப்படியே, சேறு சொட்டச் சொட்ட சைக்கிளை முன்னறைக்குள் தூக்கிவந்து, சாமிப் படத்துக்கு எதிரே தலைகீழாக நிறுத்தினார்கள்.

ஜீவா செயினோடு மல்லுக்கட்டுவதைப் பவித்ரா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பழைய துணியும் தேங்காய் எண்ணெயும் எடுத்துவந்து எதிரே உட்கார்ந்தாள். "நீங்க செயினைப் புடிங்க, நான் பெடலைச் சுத்துறேன்" என்றாள்.

கைக்கு வேலை வந்ததும் ஜீவாவின் பூட்டு கழன்றுவிட்டது. செயினைப் பற்றிப் பேசினார். பல்சக்கரத்தில் எத்தனை பல் இருந்தால் ஏற்றத்தில் சுலபம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அவள் கேள்வி கேட்டாள். அவர் பதில் சொன்னார். செயின் மாட்டி முடிந்தது. இருவரும் அதை மறுபடி கழற்றினார்கள். நாங்கள் யாரும் அதைக் கவனிக்காதது போல ஜன்னல் வழியே தேயிலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நம் வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு கப் டீ ஆறும் நேரத்துக்குள் பெண்ணும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்து, ஆயுசுக்கும் முடிவெடுக்க வேண்டும். ஒரு சாரி வாங்க நாம் இதைவிட அதிக நேரம் எடுக்கிறோம், இல்லையா? இவர்களுக்கு ஒன்றரை மணி நேரம் கொடுத்தது யார்? நல்ல நேரம் இல்லை. ராகு!

ஆறு மணிக்குச் சித்தி எங்களை விடுதலை செய்தார். கொழும்புக்குப் போகும் மரக்கறி லொறி ஒன்றில் கோவா மூட்டைகளின்மேல் சைக்கிள்களும், சைக்கிள்களின்மேல் நாங்களுமாக ஹட்டன் வந்து சேர்ந்தோம். ஜீவா வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தார். கொஞ்ச நேரம் வாயை மூடச் சொல்லி அந்தோனி கெஞ்சினார்.

அடுத்த ஞாயிறு ஜீவா வேட்டி கட்டி, அம்மாவோடு முறைப்படி போனார். நானும் போனேன். அக்கா பதவியை ராஜினாமா செய்ய விடவில்லை. அங்கேயே சம்மதம் சொல்லிவிட்டார்கள். எனக்குத்தான் மனது கேட்கவில்லை. எதைப் பார்த்துப் பிடித்தது என்று பவித்ராவைச் சமையலறையில் தனியாகப் பிடித்துக் கேட்டேன்.

"பொண்ணு பாக்க வர்றவங்க எல்லாரும் நல்லா உடுத்திக்கிட்டு, நல்ல புள்ளையா ஒக்காந்துட்டுப் போயிருவாங்கக்கா. பொறகு எப்படி இருப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்? இவரை மொதல்லயே கான்ல இருந்து ஏறி வந்த கோலத்துல பாத்துட்டேன். இதுக்கு மேல மோசமா ஆக முடியாதுல்ல?"

ஜீவாவிடம் இதை அப்படியே சொன்னேன்... மனிதர் அதைப் பாராட்டு என்றே வைத்துக்கொண்டிருக்கிறார்.