ஆளாவது

போன மாதம் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். நாவல்களில் வரும் விடலைப் பையன்களைப் பற்றி. போனேன், பேசினேன், திரும்பி வந்தேன். முழங்கால் வலி ஒரு பக்கம், அலுப்பு ஒரு பக்கம். இந்த மாதிரிக் கதை எத்தனை படித்தாயிற்று! அப்பனோடு சண்டை போட்டுக்கொண்டு பையன் வீட்டை விட்டு ஓடுவான். ரயிலேறுவான். ஓட்டலில் எச்சில் தட்டு கழுவுவான். கடைசியில் ஆளாகித் திரும்பி வருவான். அதே கதையில் அவனுக்கு ஒரு தங்கச்சி இருப்பாள். அவள் ஒரு வரியில் ஆளாவாள், அடுத்த வரியில் அவளுக்குக் கல்யாணம். கூட்டத்தில் இதைச் சொன்னதும் சிரித்தார்கள். நான் சிரிக்கச் சொல்லவில்லை.

இந்த ஒரு சொல்லோடு எனக்குப் பழைய தகராறு உண்டு. எழுபதுகளில் சங்கரன்கோவிலில் ஒன்பதாம் வகுப்புப் படித்தேன். துணைப்பாடத்தில் ஒரு ஏழைச் சிறுவன் கதை. அவனிடம் நீ கற்றுக்கொண்டது என்ன என்று பரீட்சையில் கேள்வி. ‘அவன் பாடுபட்டு ஆளானான். நானும் சீக்கிரம் ஆளாக விரும்புகிறேன்’ என்று எழுதிவைத்தேன். தமிழ் டீச்சர் அதை வகுப்பில் வாசித்துவிட்டார். அத்தனை பெண்களும் பெஞ்சில் கவிழ்ந்து சிரித்தார்கள். அப்படி என்னட்டி அவசரம் என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள். எனக்கு விளங்கவே ஒரு நிமிஷம் ஆயிற்று. பையன் ஆளானான் என்றால் உத்தியோகம், நாலு பேர் மதிப்பு. பெண் ஆளானாள் என்றால் தாய்மாமனுக்குச் சொல்லி அனுப்பு என்று அர்த்தம். டீச்சர் அந்தச் சொல்லைச் சிவப்பு மையால் அடித்து, மேலே ‘முன்னேற’ என்று எழுதிக் கொடுத்தார். அவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

வாய் முகூர்த்தம் பலித்துவிட்டது. மூன்றே மாதத்தில் என்னை நெல் மூட்டை போடும் உள்ளறையில் உட்கார வைத்தார்கள். தனித் தட்டு, தனித் தம்ளர், தனிப் பாய். வேளா வேளைக்கு உளுந்தங்களி. பதினாறாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை வெளியே வரக்கூடாது.

உள்ளே போகும்போது என் கையில் ஒரு நூலகப் புத்தகம் இருந்தது. அண்ணன் பெயரிலிருந்த கார்டில் நான் எடுத்து வந்தது. வீட்டை விட்டு ஓடிய ஒரு பையனின் கதைதான். தீட்டோடு புத்தகத்தைத் தொடலாமா, சரஸ்வதி அல்லவா என்று அம்மா பதறினாள். தொட்டுவிட்டேனே என்றேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, தொட்டுவிட்டதால் இனி அதுவும் தீட்டுதான், நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டாள். அம்மாவின் நியாயத்தில் எனக்குச் சாதகமாக விழுந்தது அது ஒன்றுதான்.

ஒரு நாளைக்குப் பதினைந்து பக்கத்துக்கு மேல் படிப்பதில்லை என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். வெளியே நாளெல்லாம் தறிச் சத்தம். அந்தச் சத்தத்தையே ரயில் சத்தமாக வைத்துக்கொண்டு நானும் அவனோடு போனேன். மெட்ராஸில் அவன் பசியோடு நடந்தபோது எனக்குக் களி இறங்கவில்லை. கடைசி அத்தியாயத்தை மட்டும் தொடவில்லை. பள்ளிக்கூடம் திரும்பிப் போகிற அன்று காலையில் அதைப் படிப்பதாக எனக்குள் ஒரு நேர்த்திக்கடன். என்னை மறுபடி அனுப்புவார்களா என்பது அதுவரை யாரும் சொல்லாத விஷயம். கேட்கப் பயந்து நானும் கேட்கவில்லை.

பதினாறாம் நாள் கரிவலத்திலிருந்து மாமா சீர்த்தட்டோடு வந்தார். என்னைக் குளிப்பாட்டி, பட்டுச்சேலை சுற்றி, மாலை போட்டு மணையில் உட்கார வைத்தார்கள். கழுத்து வலித்தது. மத்தியானம் பந்தி முடிந்து, கூட்டம் கலைந்த பிறகு, மாமா வெற்றிலையை மடித்துக்கொண்டே அப்பாவிடம் பேச்சை எடுத்தார்.

“பிள்ளை ஆளாயிட்டா. இனிமே பள்ளிக்கூடம் எதுக்குங்கேன்?”

அப்பா தலையை ஆட்டினார். அடுத்து அண்ணன் பேச்சு வந்தது. அவன் ஒன்பதில் ஒருமுறை தவறி, அந்த வருஷம் பையன்கள் பள்ளிக்கூடத்தில் என் பாடத்தையே இரண்டாந்தடவை படித்துக்கொண்டிருந்தான். படிப்பு ஏறவில்லை, நிறுத்திவிடுங்கள் என்று அவனே கெஞ்சிக்கொண்டிருந்த நேரம். மாமா விடவில்லை. எத்தனை வருஷமானாலும் படிக்க வை, பயல் ஆளாக வேண்டாமா என்றார். அதற்கும் அப்பா தலையை ஆட்டினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாலையைக் கழற்றிவைத்துவிட்டு எழுந்து போனேன்.

“அப்பா, அண்ணன் ஆளாகணும்னா படிக்கணுங்கிய. நான் ஆளாயிட்டேன்னா நிறுத்தணுங்கிய. ஏம்ப்பா?”

அம்மா வாயில் கையை வைத்தாள். மாமா வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டார். அப்பா கோபப்படவில்லை. அவர் எங்கள்மேல் கை வைத்தவர் இல்லை. அன்றைக்கு அடித்திருந்தால் அவரை வெறுக்கவாவது வசதியாக இருந்திருக்கும். என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“ரெண்டும் ஒண்ணாட்டி? போ, போய்ச் சாப்பிடு.”

போனேன். சாப்பிடவும் சாப்பிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேலேயே எரிச்சலாக வருகிறது.

சாயங்காலம் உள்ளறையைக் கழுவிவிட்டார்கள். பாயும் தட்டும் வெளியே போயின. தீட்டுப்பட்டது ஒன்றும் வீட்டில் தங்கக்கூடாதாம். புத்தகத்தைக் கழுவ முடியாதே. அம்மா அதன்மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்து, இப்போதே கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வா என்று அண்ணனிடம் நீட்டினாள். கடைசி அத்தியாயம் பாக்கி இருக்கிறது என்றேன். அதுதான் பள்ளிக்கூடம் கிடையாதே, பிறகென்ன புத்தகம் என்றாள் அம்மா. கெட்ட மனதோடு சொல்லவில்லை. அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை.

வாசல் வரை அண்ணன் பின்னாலேயே போனேன். கொடுப்பதற்கு முன்னால் கடைசிப் பக்கத்தை மட்டும் வாசித்துவிட்டு வந்து சொல்லச் சொன்னேன். புத்தகம் என்றாலே ஓடுகிறவன், சரி என்று தலையாட்டினான். அவன் வரும் வரை நடையிலேயே நின்றேன். தறிச் சத்தம் அன்றைக்கு வெறும் தறிச் சத்தமாகத்தான் கேட்டது.

விளக்கு வைக்கிற நேரத்தில் வந்தான். விரலிலெல்லாம் மஞ்சள்.

“வாசிச்சியாண்ணே? என்ன ஆனான்?”

“ஆளாயிட்டான்.”

“அம்புட்டுத்தானா?”

“அம்புட்டுத்தான்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவன் என்னைக் கேலி செய்யவில்லை, சத்தியமாக இல்லை. தேற்றுவதற்குத்தான் சொன்னான்.

“எதுக்குட்டி அழுத? நீயுந்தான ஆயிட்ட.”