உட்கார்ந்த அளவு

தையற்கடைக்காரியை அந்தத் தெருவில் எல்லோரும் டேப் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கழுத்தில் இஞ்ச் டேப் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. தூங்கும்போதாவது கழற்றுவாளா என்று பக்கத்துச் சாவிக்கடைக்காரருக்குப் பல வருடச் சந்தேகம்.

தெருமுனையில் அறிவியல் கூடம். மனிதன் முதன்முதலாக விண்வெளிக்குப் போன நாளை அங்கே ஆண்டுதோறும் கொண்டாடுவார்கள். வாசலிலிருந்து, உருண்டைக் கூரை போட்ட அரங்கம் வரை ஓர் ஊர்வலம். முன்னால் விண்வெளி உடை போட்ட ஒருவர், பின்னால் நானூறு பிள்ளைகள். ஒன்பது வருடமாக அந்த ஒருவர் கூடத்தின் காவலாளிதான். ஆள் ஆறடிக்கு மேல். உடை என்னவோ மழைக்கோட்டுத் துணி. போன வருடம் அது முழங்காலில் கிழிந்து, "விண்வெளியில காத்து நல்லா வருதா அண்ணே?" என்று பிள்ளைகள் அவரை ஒரு வழி பண்ணிவிட்டார்கள்.

அதனால் இந்த வருடம் புது உடை. வேலை டேப் அக்காவிடம் வந்தது. கூடத்தின் மேலாளர் ஒரு கட்டு விண்வெளி வீரர் படங்களைக் கொடுத்துவிட்டுப் போனார். அவள் அவற்றை வெட்டுமேசையில் பரப்பினாள். தையற்காரியின் கண் முகத்தைப் பார்க்காது, தையலைத்தான் பார்க்கும். ராக்கெட்டை நோக்கி நடந்துபோனவர்கள் எல்லோருமே முன்னால் குனிந்து, தரையில் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவர்கள்போல நடந்தார்கள்.

"இவ்வளவு பெரிய வேலைக்கு அனுப்புறவங்க, முன்பக்கத்த இப்படியா குட்டையா வெட்டுவாங்க?"

"விண்வெளித் தையலையும் குறை சொல்லியாச்சா? இனிமே சூரியன் ஒண்ணுதான் பாக்கி," என்றாள் மகள். பதினாறு வயது. பிறந்ததிலிருந்தே கால்கள் ஒத்துழைக்கவில்லை. அதற்கும் சேர்த்து வாய் ஓடும். சக்கர நாற்காலியை மேசையோரம் உருட்டி வந்து, படங்களில் கடைசியாக இருந்ததை உருவினாள். "இதப் பாருமா."

விண்கலத்துக்குள் மூன்று பேர் முழங்காலை மடக்கி, மல்லாந்த இருக்கையில் கிடந்தார்கள். உடையில் ஒரு சுருக்கம் இல்லை.

டேப் அக்காவுக்கு உடம்பு சிலிர்த்தது. நிற்பதற்காக வெட்டிய துணியே இல்லை அது! முன்பக்கம் குட்டை, முதுகு நீளம், முழங்காலில் மடக்க இடம். மகளுக்காக அவளே தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்து, பன்னிரண்டு வருடமாக வெட்டிவரும் அதே வெட்டு. பூமியை விட்டுக் கிளம்புகிறவர்களுக்காக, எங்கோ ஒருவர் கத்தரியும் கையுமாகக் குனிந்து இதே கணக்கைப் போட்டிருக்கிறார். படத்தைக் கீழே வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

அந்தப் பரவசத்தில்தான் பிசகியது. காவலாளியை அவள் நிற்கவைத்து அளந்திருந்தாள். உட்கார்ந்த அளவு என்று அவளுடைய நோட்டில் இருந்தது ஒரே ஒரு பக்கம். கை தன் பழக்கத்தில் அதைப் புரட்டியது, கத்தரி ஓடியது.

கொண்டாட்டத்துக்கு முந்தின நாள் காவலாளி உடையைப் போட்டுப் பார்க்க வந்தார். ஒரு கால் எப்படியோ நுழைந்தது. இரண்டாவது பாதியிலேயே நின்றுவிட்டது.

"ஏன்க்கா, நேத்து ராத்திரி ஒரு வாய் அதிகமா சாப்பிட்டது உண்மைதான். அதுக்காக இப்படியா?"

மேலாளர் சிரிக்கவில்லை. "காலையில ஊர்வலம். பிள்ளைங்க வந்து நிப்பாங்க. முன்னால யார அனுப்புறது, என்னையா?"

டேப் அக்கா நோட்டைத் திறந்து பார்த்தாள். துணி மிச்சமில்லை, பழைய உடையையும் குப்பையில் போட்டாயிற்று. இருபத்திரண்டு வருடத்தில் அவள் தைத்தது ஆளுக்குச் சேராமல் போனதில்லை.

"தப்பு என்னோடதுதான் சார். இது என் பொண்ணோட அளவு."

மூன்று பேரும் திரும்பி மகளைப் பார்த்தார்கள்.

"என்ன பாக்குறீங்க? நான் வரமாட்டேன்." இத்தனை அருகில் இருந்தும் அவள் ஒரு வருடம்கூட அந்தக் கொண்டாட்டத்துக்குப் போனதில்லை. "நடந்து போற ஊர்வலம் அது. எல்லாரும் ராக்கெட்ட விட்டுட்டு என் சக்கரத்தத்தான் பாப்பாங்க."

அம்மா கெஞ்சவில்லை. "போட்டு மட்டும் காட்டுடி. சேருதான்னு பாத்துக்கறேன். இல்லேன்னா எனக்குச் சோறு இறங்காது."

துணி மாற்றும் திரைக்குப் பின்னால் கொஞ்ச நேரம் முணுமுணுப்பு. திரை விலகியதும் காவலாளி தன்னையறியாமல் தொப்பியைக் கழற்றினார். தோளிலிருந்து கணுக்கால் வரை வெள்ளைத் துணி படிந்து கிடந்தது; எங்கும் ஒரு சுருக்கம் இல்லை. மகள் ஆளுயரக் கண்ணாடியைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அண்ணே," என்றாள் கடைசியில், "ஹெல்மெட்ட எங்க வெச்சிருக்கீங்க?"

மறுநாள் காவலாளி வழிவிடச் சொல்லிக்கொண்டே முன்னால் ஓடினார். நாற்காலியைத் தள்ளக் கை நீட்டிய மேலாளரிடம், "சார், கலத்த ஓட்டுறது நான்," என்றாள் மகள். பாதி வழியில் ஒரு சிறுமி கூடவே ஓடிவந்து கேட்டாள்: "அக்கா, நீங்க ஏன் நடக்கல?"

"மேல போனா யாருமே நடக்க மாட்டாங்கடி."

சிறுமி அதை அப்படியே நம்பி, பின்னால் இருந்தவர்களுக்குச் சொல்ல ஓடினாள்.

அரங்கத்தில் விளக்குகள் அணைந்தன. கூரை முழுக்கப் பூமி எழுந்தது. நீலமாக, சத்தமே இல்லாமல். அதன் விளிம்பில் ஓர் ஒற்றை நூல் கனத்துக்குக் காற்று. அத்தனை பேரும் மூச்சுவிடுவது அந்த நூலுக்குள்தானா? பிறகு கலத்தின் உட்புறம் வந்தது. அங்கே இருந்தவர்கள் கையால் கம்பியைப் பிடித்துத் தங்களை இழுத்துக்கொண்டு போனார்கள். கால்கள் வேலையில்லாமல் பின்னால் மிதந்து வந்தன.

டேப் அக்கா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா," கிசுகிசுத்தாள் மகள். "இவங்க நிக்கவும் இல்ல, உக்காரவும் இல்ல. எப்படி அளவு எடுப்ப?"

"தெரியலையே," என்றாள் அம்மா, கூரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அவளுடைய மறு கை கழுத்திலிருந்த டேப்பை மெல்ல உருவிக்கொண்டிருந்தது.